ஓட்டையே இல்லாத டென்னிஸ் பந்திலிருந்து காற்று எப்படி வெளியேறுகிறது? பந்து உண்மையில் எதனால் ஆனது?

வலைக்கோடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. டென்னிஸ் பழகத் தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. மூன்று மாதங்களுக்கு முன்பு மூன்று பந்துகள் கொண்ட இரண்டு டப்பாக்களை ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கினோம். அவற்றில் ஒன்றைத் திறந்து ஒரே ஒரு மாலை விளையாடிவிட்டு, தேர்வுகள் வந்துவிட்டதால் பந்துகளை அலமாரியில் வைத்துவிட்டோம். சென்ற வாரம் எடுத்துப் பார்த்தால் மேல்துணி புதியதுபோலவே பளிச்சென்று இருக்கிறது, அச்சிட்ட எழுத்துகூட அழியவில்லை. ஆனால் தரையில் போட்டால் பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது. திறக்காமல் வைத்திருந்த இரண்டாவது டப்பாவை அன்றைக்கே திறந்தோம். 'ஸ்ஸ்' என்ற ஓசையோடு மூடி கழன்றது, உள்ளே இருந்த மூன்று பந்துகளும் நன்றாகத் துள்ளின.

விற்றவரிடம் கேட்டபோது, முதல் டப்பாவில் இருந்தவை பழுதான பந்துகளாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். அது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் முதல் நாளில் அவை நன்றாகவே இருந்தன. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு பந்தை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்திப் பிடித்தேன். துணியில் தங்கியிருந்த காற்று சில குமிழிகளாக வந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் இரும்பறுக்கும் வாளால் அந்தப் பந்தை இரண்டாக அறுத்துவிட்டேன். கருஞ்சாம்பல் நிறத்தில், ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் ஓடு ஒன்றும் அதன்மேல் துணியும்தான் இருந்தன. உள்ளே டியூப் இல்லை, கால்பந்தில் இருப்பதுபோல் காற்றடிக்கும் வால்வு இல்லை. உட்புறத்தில் நடுவாக ஒரு மெல்லிய வரம்பு மட்டும் விரலில் தட்டுப்பட்டது. துணியை உரிக்க முயன்றேன், நகம்தான் வலித்தது.

வால்வே இல்லாத பந்துக்குள் காற்று எப்படிப் போனது, ஓட்டையே இல்லாத பந்திலிருந்து எப்படி வெளியே வந்தது? அந்த ரப்பரும் துணியும் என்ன வகை? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நானும் மகளும் நன்றியோடு படிப்போம்.

கலவைக்கூடம்

வலைக்கோடு அவர்களுக்கு வணக்கம். ரப்பர்ப் பொருள்கள் செய்யும் தொழிலில் கலவைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பந்துகள் பழுதானவை அல்ல. அந்தப் பந்துகள் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படித்தான் நடந்திருக்கின்றன. நீங்கள் விரலால் தடவிக் கண்டுபிடித்த அந்த வரம்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

பந்தின் உள்கூடு முழு உருண்டையாக வார்க்கப்படுவதில்லை. இரண்டு அரைக்கோள ஓடுகளாகச் செய்யப்பட்டு, பிறகு ஒட்டப்படுகிறது. மூலப்பொருள் ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர். வெறும் இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும், இழுத்தால் இழுத்த வாக்கில் நின்றுவிடும். ஆகவே உருளைகளுக்கு இடையில் அதைப் பிசைந்து, அதனோடு கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினையை விரைவுபடுத்தும் பொருள்கள், களிமண், சிலிக்கா போன்ற நிரப்பிகள் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். இந்தக் கலவையைச் சிறு வில்லைகளாக வெட்டி அச்சில் இட்டு, 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சில நிமிடங்கள் அழுத்தும்போது, ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. இதுதான் வல்கனைசேஷன். அதற்குப் பிறகுதான் அந்த ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும் பொருளாக ஆகிறது.

அச்சிலிருந்து வரும் அரைக்கோளங்களின் விளிம்பில் உள்ள பிசிறை நீக்கி, விளிம்பைச் சொரசொரப்பாக்கி, ரப்பர்ப் பசை தடவி, இரண்டிரண்டாக அழுத்தப் பொறிக்குள் வைக்கிறார்கள். அந்தப் பொறியின் அறைக்குள் முதலில் அழுத்தமான காற்றை நிரப்பிவிட்டு, அதற்குப் பிறகே இரு பாதிகளையும் சேர்த்து மூடிச் சூடேற்றுகிறார்கள். ஆக, முடிந்த பந்துக்குள் யாரும் காற்றை அடிக்கவில்லை. அழுத்தம் மிகுந்த காற்றுக்குள் வைத்தே பந்தை மூடியிருக்கிறார்கள். அதனால்தான் வால்வு தேவைப்படவில்லை. நீங்கள் தொட்ட வரம்பு அந்த மூட்டுவாய்.

உள்ளே அடைபடும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 12 பவுண்டு கூடுதலாக இருக்கும். வளிமண்டல அழுத்தம் ஒரு பங்கு என்றால் பந்துக்குள் ஏறத்தாழ 1.8 பங்கு. எடையாகப் பார்த்தால் இது வியப்பூட்டுவது. உட்குழியின் கொள்ளளவு 80 கன சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதில் இந்த அழுத்தத்தில் அடங்கும் காற்றின் எடை ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நன்றாகத் துள்ளும் பந்துக்கும், முற்றிலும் செத்துப்போன அதே பந்துக்கும் இடையிலுள்ள எடை வேறுபாடு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். சமையலறைத் தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் உங்களுக்கு அது தெரியப்போவதில்லை.

இவ்வளவு சிறிய அளவு காற்று துள்ளலில் இவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கக் காரணம் இருக்கிறது. தரையில் மோதும்போது பந்து நசுங்குகிறது. நசுங்கும்போது ரப்பர் ஓடு வளைகிறது, உள்ளே இருக்கும் காற்று அழுத்தப்படுகிறது. வளைந்த ரப்பர் நிமிரும்போது வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்துவிட்டு மீதியைத்தான் திருப்பித் தருகிறது. காற்றோ, அழுத்தி விட்டால், வாங்கியதை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பிக் கொடுக்கிறது. உள்ளே காற்று விறைப்பாக இருந்தால் பந்து குறைவாக நசுங்கும், ரப்பர் குறைவாக வளையும், இழப்பும் குறையும். காற்று இறங்கிய பந்தில் வேலை முழுவதும் ரப்பரின் தலையில் விழுகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஓட்டை இல்லை என்பது கண்ணுக்குத்தான் உண்மை. ரப்பர் என்பது ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும் நீண்ட சங்கிலிகளின் கூட்டம். அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே நொடிக்கு நொடி மிகச் சிறிய இடைவெளிகள் திறந்து மூடுகின்றன. காற்றின் மூலக்கூறுகள் ரப்பரில் கரைந்து, அந்த இடைவெளிகள் வழியே ஒவ்வோர் அடியாக நகர்ந்து, அழுத்தம் குறைந்த வெளிப்புறத்தை அடைந்துவிடுகின்றன. ஆக்சிஜன் விரைவாகவும் நைட்ரஜன் சற்று மெதுவாகவும் கடக்கும். குமிழியாக வரும் அளவுக்கு இந்தக் கசிவு வேகமானது அல்ல என்பதால்தான் உங்கள் வாளிச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் காற்றுக் கசியாத ரப்பரைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். இருக்கிறது; வண்டிச் சக்கரங்களின் டியூபுகளில் பயன்படும் பியூட்டைல் ரப்பர் காற்றை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் அதில் ஒரு பந்தைச் செய்து போட்டால், சாதாரண அறை வெப்பத்தில் அது களிமண் உருண்டைபோலத் தரையில் படிந்துவிடும். சங்கிலிகள் எளிதில் நெளிவதுதான் இயற்கை ரப்பருக்குத் துள்ளலைத் தருகிறது. அதே நெளிவுதான் காற்றுக்கு வழியும் விடுகிறது. நிரப்பிகளைக் கூட்டினால் கசிவு குறையும், ஆனால் துள்ளலும் சேர்ந்து குறையும். கலவை போடுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் காலமெல்லாம் நிற்கிறார். உள்கூட்டின் உட்புறத்தில் நுண்ணிய களிமண் தகடுகள் கலந்த மெல்லிய பூச்சைக் கொடுத்துக் காற்றின் பாதையைச் சுற்றுவழியாக்கும் முறையை வில்சன் நிறுவனத்தின் 'டபுள் கோர்' பந்தில் செய்தார்கள். அதனால் கசிவு தாமதமாகும், நிற்காது.

டப்பாவின் 'ஸ்ஸ்' ஓசைக்கும் இதுவே விளக்கம். பந்துக்குள் இருக்கும் அதே அளவு அழுத்தம் டப்பாவுக்குள்ளும் இருப்பதால், மூடி திறக்கும்வரை காற்றுக்குப் பந்தை விட்டு வெளியேற வேண்டிய காரணம் இல்லை. நீங்கள் மூடியைத் திறந்த நாளில்தான் அந்த மூன்று பந்துகளின் வயது தொடங்குகிறது.

எதிர்க்களம்

கலவைக்கூடம் ஐயா உள்கூட்டைப் பற்றி எழுதியதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. சிறுவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவருபவள் என்பதால் மேல்துணியைப் பற்றி எழுதுகிறேன். அதை வெறும் உறை என்று பலரும் நினைக்கிறார்கள்; அப்படி நினைப்பது தவறு.

அந்தத் துணியை ஃபெல்ட் என்று அழைக்கிறோம். தரமான பந்துகளில் இது நெய்த துணி: அடிப்பகுதியில் பருத்தி நூலும், மேலே எழும்பி நிற்கும் பகுதியில் ஆட்டுக் கம்பளியும் நைலானும் கலந்த நூலும் இருக்கும். கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன்செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. ஈரத்திலும் சூட்டிலும் தேய்த்துப் பிசையும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால், நெய்த தடமே தெரியாத அளவுக்குத் துணி இறுகிவிடுகிறது. நைலான் தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் சேர்க்கப்படுகிறது. விலை குறைந்த பந்துகளில் நெய்யாமல், முள்முனை கொண்ட ஊசிகளால் இழைகளைக் குத்திக் குத்தி ஒன்றாக்கிய துணியைப் பயன்படுத்துவார்கள்.

துணியை வெட்டும் வடிவம் அழகானது. உடுக்கையைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல் இடை சிறுத்து இருமுனையும் அகன்ற இரண்டு துண்டுகள். ஒன்றின் அகன்ற பகுதி மற்றதன் இடையில் பொருந்த, இரண்டும் சேர்ந்து ஓர் உருண்டையைச் சுருக்கமின்றி மூடிவிடுகின்றன. துண்டுகளின் விளிம்பைப் பசையில் தோய்த்து, பசை தடவிய உள்கூட்டின்மேல் ஒட்டி, மீண்டும் சூடான அச்சில் வைக்கிறார்கள். பந்தின்மேல் வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைக் கோடு தையல் அல்ல; வெந்து இறுகிய அந்த விளிம்புப் பசைதான் அது. வலைக்கோடு அவர்களின் நகம் தோற்றுப்போனதும் இந்தப் பிணைப்பிடம்தான். அச்சிலிருந்து வரும் பந்து மழமழவென்று அமுங்கியிருக்கும். பிறகு நீராவியில் உருட்டி எடுக்கும்போதுதான் இழைகள் நிமிர்ந்து, நாம் அறிந்த அந்த மென்மை உண்டாகிறது.

அந்த மென்மை மூன்று வேலைகளைச் செய்கிறது. நிமிர்ந்த இழைகள் காற்றைத் தடுப்பதால் பந்தின் வேகம் பறக்கும்போதே குறைகிறது. ராக்கெட்டின் நரம்புகள் துணியைக் கவ்வுவதால்தான் பந்தைச் சுழற்றி அடிக்க முடிகிறது. தரையில் படும்போது வழுக்காமல் பிடித்து எழும்புவதும் துணியால்தான். துணி தேய்ந்து வழுவழுப்பான பந்து விரைந்து வரும். துணி உப்பிப் பஞ்சுபோல் ஆன பந்து தயங்கி வரும். பெரிய போட்டிகளில் சர்வீஸ் போடுபவர் மூன்று நான்கு பந்துகளை வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, உப்பியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இழை படிந்த பந்தைத் தேர்ந்தெடுப்பதை உங்கள் மகள் கவனித்திருப்பாள். பழக்கதோஷம் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். துணியின் நிலையைத்தான் பார்க்கிறார்கள். அத்தகைய ஆட்டங்களில் முதல் 7 கேம்களுக்குப் பிறகும், அதன் பின்னர் 9 கேம்களுக்கு ஒருமுறையும் பந்துகளை மாற்றுவதற்கு, காற்றைப் போலவே துணியும் காரணம்.

தரைக்கேற்பத் துணியும் மாறுகிறது. சிமென்ட் போன்ற கடினத் தரை துணியைச் சுரண்டிவிடும் என்பதால் அதற்குத் தடித்த 'எக்ஸ்ட்ரா டியூட்டி' துணி. களிமண் தரையில் மண்ணையும் ஈரத்தையும் ஏற்றிப் பந்து கனத்துவிடக் கூடாது என்பதால் மெல்லிய 'ரெகுலர் டியூட்டி' துணி. அமெரிக்க ஓப்பன் போட்டியில் 2022 வரை பெண்கள் ரெகுலர் டியூட்டி பந்திலும் ஆண்கள் எக்ஸ்ட்ரா டியூட்டி பந்திலும் ஆடினார்கள். 2023 முதல் இருபாலரும் எக்ஸ்ட்ரா டியூட்டி பந்திலேயே ஆடுகிறார்கள்.

ஒரு சிறிய ஐயம், ஐயாவிடம் கேட்கிறேன். பந்துக்குள் மாத்திரை போட்டு வாயுவை உண்டாக்குவார்கள் என்று என் பயிற்சியாளர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?

வலைக்கோடு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அறுத்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு மறுமொழிகளையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளைக் கோட்டின்மேல் விரலை வைத்து, உடுக்கை வடிவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவளே முழுப் பந்தில் தேடிக் கண்டுபிடித்தாள்.

இன்னும் இரண்டு ஐயங்கள். அறுக்காமல் மீதமிருக்கும் இரண்டு பந்துகளுக்கு மீண்டும் காற்றேற்ற வழி உண்டா? காற்றழுத்தமே இல்லாத 'பிரஷர்லெஸ்' பந்துகள் என்று விற்கிறார்களே, அவை எப்படித் துள்ளுகின்றன? மகளுக்கு அவற்றை வாங்கித் தரலாமா?

கலவைக்கூடம்

முதலில் எதிர்க்களம் அம்மாவின் கேள்வி. உங்கள் பயிற்சியாளர் சொன்னது சரியே. இரு பாதிகளையும் மூடுவதற்குமுன் சோடியம் நைட்ரைட்டும் அம்மோனியம் குளோரைடும் உள்ளே இட்டுச் சூடேற்றினால், அவை வினைபுரிந்து நைட்ரஜனைத் தரும். நீரும் சாதாரண உப்பும் மிஞ்சும். அந்த முறையில் செய்த பந்தை அறுத்தால் உள்ளே உப்புப் படிவு தென்படக்கூடும். அழுத்தக் காற்றில் வைத்து மூடும் முறை அதைவிட நேரடியானது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரே அளவு அழுத்தத்தைத் தருவதும் அதில் எளிது.

வலைக்கோடு அவர்களே, காற்றை மீண்டும் ஏற்றலாம். வெளியே வந்த அதே வழியில், அதே பொறுமையோடு அது உள்ளே போக வேண்டும். பந்துகளை அழுத்தம் தாங்கும் கலனுக்குள் வைத்து, மிதிவண்டிப் பம்பினால் கலனுக்குள் காற்றை ஏற்றிவிட்டால், இப்போது வெளியே அழுத்தம் மிகுதி என்பதால் மூலக்கூறுகள் ரப்பர் வழியே உள்நோக்கி நகரும். இதற்கென்றே செய்த கலன்கள் விற்கப்படுகின்றன. சில நாள்களில் முடிகிற வேலையன்று. செத்த பந்துக்கு வாரக்கணக்கில் ஆகும். கையில் கிடைத்த ஏதோ ஒரு புட்டியிலோ குழாயிலோ இதை முயலாதீர்கள். அழுத்தத்துக்கென்று செய்யப்படாத கலன் வெடித்தால் பெருங்காயம் ஏற்படும். ஊசி குத்திக் காற்றடிப்பதும் பயன்படாது, ஏனென்றால் அந்தத் துளை பிறகு மூடிக்கொள்ளாது. உங்கள் பந்துகள் ஒரே மாலைதான் அடிபட்டவை என்பதால் துணியும் ரப்பரும் நல்ல நிலையில் இருக்கும். ஆகவே அவை மீள நல்ல வாய்ப்பு உண்டு. பல நாள் அடிபட்டுத் துணி தேய்ந்து, ரப்பரும் தளர்ந்துபோன பந்துக்குக் காற்றேற்றினால் மட்டும் போதாது.

பிரஷர்லெஸ் பந்தில் காற்று இல்லாமல் இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஏறத்தாழ ஒரே அழுத்தம் இருக்கிறது, அவ்வளவுதான். துள்ளல் முழுவதையும் ரப்பர் ஓடே தர வேண்டியிருப்பதால் அந்த ஓட்டினைத் தடிப்பாகவும் விறைப்பாகவும் செய்கிறார்கள். கசிய ஒன்றுமில்லை என்பதால் பல மாதங்களுக்குப் பிறகும் அது துள்ளும். விதிப்புத்தகமும் இவற்றை ஏற்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1219 மீட்டருக்கு மேலான இடங்களில் ஆடுவதற்கு அனுமதிக்கப்பட்ட பந்து வகைகளில் ஒன்று இது. ஆனால் போட்டி நடக்கும் அந்த உயரத்திலேயே 60 நாள்களாவது வைத்திருந்த பந்தாக இருக்க வேண்டும். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், சமவெளியில் அடைத்த சாதாரணப் பந்து அளவுக்குமீறித் துள்ளிவிடும்.

ஆனால் கைக்கு அது வேறு மாதிரி உணர்வைத் தரும். ராக்கெட்டில் பட்டதும் அதிர்வு கூடுதலாகத் தெரியும். மகளுக்கு வாங்கலாமா என்பதை அம்மா சொல்வதே பொருத்தம்.

எதிர்க்களம்

கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு ஒரே அடியை நூறு முறை பழகுவதற்கும், சுவரில் அடித்துப் பழகுவதற்கும் பிரஷர்லெஸ் பந்துகள் நல்லவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆட்டம் ஆடுவதற்கு மட்டும் டப்பாப் பந்துகளையே கொடுங்கள். பந்து கனமாக, கல்லைப்போல் படுகிறது என்று குழந்தை சொன்னால், பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். முழங்கையும் தோளும் வளரும் வயது அது.

பழம்பந்து

தாமதமாக வருகிறேன், ஆனால் இந்த இழையில் ரப்பருக்கு முந்தைய கதையும் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன். பந்துக்குள் என்ன இருக்கிறது என்ற கவலை மிகப் பழையது. பிரான்சின் மன்னர் பதினோராம் லூயி 1480-இல் பிறப்பித்த ஆணையில், டென்னிஸ் பந்துகளை நல்ல தோலால் செய்து உள்ளே கம்பளியை நிரப்ப வேண்டும் என்றும், மணல், சுண்ணாம்பு, மரத்தூள், சாம்பல் போன்றவற்றை நிரப்பக் கூடாது என்றும் விதித்தார். மணல் நிரப்பிய பந்து உடலில் பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஆணையின் அவசியம் புரியும். லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் கூரையை 1920-களில் பழுதுபார்த்தபோது கிடைத்த பழம்பந்துகளில் மனித மயிர் அடைக்கப்பட்டிருந்தது. அவை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தவை என்று சொல்லப்படுகிறது.

அடைத்த பந்து கல்தரையில் ஓரளவு எழும்பும். புல்தரையில் எழும்பவே எழும்பாது. ஆகவே சார்லஸ் குட்இயர் 1844-இல் வல்கனைசேஷனுக்குக் காப்புரிமை பெற்ற பிறகே, உள்ளீடற்ற ரப்பர்ப் பந்து வந்து, ஆட்டம் சுவர்களுக்குள்ளிருந்து புல்வெளிக்கு வர முடிந்தது. வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு 1874-இல் காப்புரிமை பெற்று விற்ற ஆட்டப் பெட்டிகளில் அத்தகைய வெறும் ரப்பர்ப் பந்துகளே இருந்தன. அவை வழுக்கின, காற்றிலும் அலைக்கழிந்தன. ஜான் மோயர் ஹீத்கோட் என்ற ஆட்டக்காரர் அவற்றின்மேல் ஃபிளானல் துணியைத் தைத்து ஆடிப் பார்த்ததிலிருந்துதான் இன்றைய மேல்துணி வந்தது. எதிர்க்களம் அவர்கள் சொன்ன மூன்று வேலைகளையும் அந்தத் தைத்த துணியே செய்யத் தொடங்கிவிட்டது.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: வண்ணத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிவதற்காகச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 1972-இல் மஞ்சள் பந்தை விதிகளில் சேர்த்தது, விம்பிள்டன் 1986-இல்தான் வெள்ளையைக் கைவிட்டது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க விரும்பினால் விதிப்புத்தகத்தின் அளவு இதோ. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான சமதளத்தில் விழவிட்டால், வழக்கமான பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். எடை 56.0 முதல் 59.4 கிராம், விட்டம் 6.54 முதல் 6.86 சென்டிமீட்டர். சோதனைக் கூடத்தில் பந்தை 20 டிகிரி வெப்பத்தில் ஒருநாள் முழுவதும் வைத்திருந்து, மூன்று திசைகளிலும் அழுத்தித் தளர்த்திய பிறகே அளப்பார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் பாதிக்குச் சற்று மேலே, 53 முதல் 58 சென்டிமீட்டர் அளவில் எழும்புகிறதா என்று பாருங்கள். பந்தின் அடிப்பகுதியிலிருந்து அளக்க வேண்டும். வெயிலில் கிடந்த பந்தைச் சோதிக்காதீர்கள். சூட்டில் உள்காற்றின் அழுத்தம் கூடியிருக்கும், ரப்பரும் இளகியிருக்கும், செத்த பந்துகூடச் சிறிது நேரம் நல்ல பந்துபோல் நடிக்கும்.

வலைக்கோடு

நேற்று மாலை சோதித்தோம். சுவரில் ஓர் அளவுநாடாவை ஒட்டி, மகள் பந்தை விட, நான் தரையில் அமர்ந்து கைப்பேசியில் படம்பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு பந்தையும் ஐந்து முறை விட்டோம். புதிய டப்பாவின் பந்துகள் 56-ஐ ஒட்டி எழும்பின. அலமாரியில் மூன்று மாதம் இருந்த இரண்டும் 45-ஐத் தாண்டவில்லை. எடையையும் நிறுத்தோம், கலவைக்கூடம் ஐயா சொன்னபடியே தராசு எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை.

அழுத்தம் ஏற்றும் கலன் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு பந்துகளில் ஒன்றை மட்டும் அதில் வைத்து, மற்றதை அலமாரியிலேயே விட்டுவிட வேண்டும் என்றும், வாரம் ஒருமுறை இரண்டையும் அளந்து எழுதிவைக்க வேண்டும் என்றும் மகள் முடிவுசெய்திருக்கிறாள். கணக்கேட்டில் தேதிக்கு ஒரு பத்தியும் உயரத்துக்கு இரண்டு பத்திகளும் கோடு போட்டு, முதல் வரியில் நேற்றைய அளவுகளை எழுதிவிட்டாள். நான்கு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை இங்கே பதிகிறேன்.